அட்ரியானோ ஏன் ஊர் திரும்பினார்?

2009 ஏப்ரல் 1. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் அணி பெருவை 3-0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஐரோப்பிய கிளப்புகளில் ஆடும் வீரர்கள் அவரவர் கிளப் இருக்கும் நகரத்துக்கு விமானம் ஏறினார்கள். பிரேசிலின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரர்) அட்ரியானோ ஏறவில்லை. இத்தாலியின் மிலானில் அவருடைய கிளப்பான இன்டர் அவருக்காகக் காத்திருந்தது. ஆள் வரவில்லை, தகவலும் இல்லை. கடத்திவிட்டார்கள் என்று ஒரு வதந்தி, உயிரோடு இல்லை என்று இன்னொரு வதந்தி. அவரோ ரியோ டி ஜெனிரோவின் வடபகுதியில், தான் பிறந்து வளர்ந்த விலா குரூசெய்ரோ என்ற ஃபவேலாவில், அதாவது ஏழைகள் வாழும் குடிசைப் பகுதியில் இருந்தார். மூன்று நாள் அந்தச் சந்துகளிலேயே சுற்றிக்கொண்டிருந்ததாகவும், ஊர்க்காரர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்றும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

சில நாள் கழித்து பத்திரிகையாளர்கள் முன் வந்தார். ஆடுவதில் இருந்த சந்தோஷம் போய்விட்டது, கொஞ்ச காலம் கால்பந்தை நிறுத்தி வைக்கிறேன் என்றார். அந்த மாதம் முடிவதற்குள் இன்டர் ஒப்பந்தம் ரத்தானது. அப்போது அவருக்கு வயது 27. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் உச்ச வயது.

2000-களில் கால்பந்து பார்த்தவர்களுக்கு அட்ரியானோ யார் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களில் பலர்கூட புரோ எவல்யூஷன் சாக்கர் வீடியோ விளையாட்டின் ஆறாம் பதிப்பில் அவரைச் சந்தித்திருப்பார்கள். அதில் அவருடைய இடது கால் ஷாட்டை எந்தக் கோல்கீப்பராலும் பிடிக்க முடியாது. அதில் மிகை கொஞ்சம்தான். ஆறடிக்கு மேல் உயரம், குத்துச்சண்டை வீரனைப் போன்ற தோள், அந்த உடம்போடு பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடும் வேகம், இவை எல்லாவற்றுக்கும் மேல் அந்த இடது கால். ரொனால்டோவுக்கு அடுத்து பிரேசிலின் முதன்மை ஸ்ட்ரைக்கர் அணியும் 9-ஆம் எண் யாருக்கு என்ற கேள்விக்கு 2004-இலும் 2005-இலும் ஒரே பதில்தான் இருந்தது. இன்டர் ரசிகர்கள் அவரைப் 'பேரரசர்' என்றே அழைத்தார்கள்.

அந்தப் பேரரசர் எப்படி விழுந்தார் என்பதற்கு உலகம் வைத்திருக்கும் கதை மிகவும் சுருக்கமானது. அப்பா இறந்தார், மகன் குடியில் விழுந்தார், திறமை வீணாய்ப் போயிற்று. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதைக்குள் அடங்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. தனிமை அப்பாவின் மரணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் அந்த மரணத்துக்குப் பிறகு வந்தது. எல்லாரும் 'முடிந்துபோன ஆள்' என்று எழுதிய பிறகு, ஊருக்கு வந்து அவர் ஒரு நாட்டின் சாம்பியன் பட்டத்தையே வென்று காட்டினார்.

முதலில் அப்பா. அல்மிர் லெய்ட்டே ரிபெய்ரோ. பேட்டைக் கால்பந்தில் ஊறிய மனிதர். மகனுக்கு அவர்தான் முதல் ஹீரோ. அட்ரியானோவுக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு விருந்து நடந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு வெடித்தது. யாரையோ குறிவைத்த குண்டு அல்மிரின் தலையில் ஏறியது. உயிர் பிழைத்தார். குண்டை வெளியே எடுக்க முடியவில்லை; தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதன் பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. முன்போல வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுச் சுமை முழுவதும் அம்மா ரோசில்டாவின் தலையில் விழுந்தது. பையனை நகரத்தின் மறுகோடியில் இருந்த ஃபிளமெங்கோ கிளப்பின் பயிற்சிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது பாட்டி. கண் முன்னால் அப்பாவுக்கு வலிப்பு வந்து துடிப்பதைப் பார்த்து வளர்ந்த பையன் அவன். அந்த மரணம் 2004-இல் வந்தது என்றாலும் அதன் பயம் அந்த வீட்டுக்கு 1992-இலேயே குடிவந்துவிட்டது.

அதே அப்பா குடி விஷயத்தில் மகனிடம் கறாராக இருந்தார். பதினான்கு வயதில், பேட்டையில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில் மற்றப் பையன்களோடு சேர்ந்து அட்ரியானோவும் ஒரு பிளாஸ்டிக் கப்பில் பீர் ஊற்றிக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்துவிட்ட அல்மிர் ஓடிவந்து, கப்பைக் கையிலிருந்து பிடுங்கி வீசினாராம். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது இதையா என்று கேட்டாராம். இதை எழுத்தில் பதிந்தவர் அட்ரியானோவேதான்.

ஃபிளமெங்கோவில் அவர் முதலில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். கழித்துக்கட்டப்படும் நிலைக்குப் போன பிறகுதான் முன்கள வீரராக மாற்றப்பட்டார். 2000-இல் 18 வயதை எட்டும் முன்பே முதல் அணியில் ஆடினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரேசில் அணியிலும் ஆடிவிட்டார். அடுத்த ஆண்டு இன்டர் வாங்கியது. 2001 ஆகஸ்டில் சான்டியாகோ பெர்னபூ மைதானத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஒரு நட்பு ஆட்டம். மாற்று வீரராக இறங்கிய 19 வயதுப் பையனிடம் கடைசி நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக் வந்தது. அடித்த அடியில் பந்து போனது தெரியவில்லை, வலை அசைந்ததுதான் தெரிந்தது. இன்டர் 2-1 என்று வென்றது. இத்தாலி அவரைக் கவனித்தது அந்த இரவில்தான்.

அப்புறம் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர், மிலானில் முதல் கிறிஸ்துமஸ். அணியில் மூத்தவரான கிளாரன்ஸ் சீடார்ஃப் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். போனார். அன்பாகத்தான் நடத்தினார்கள். ஆனால் மனசு அங்கே இல்லை. சீக்கிரமே தன் வீட்டுக்குத் திரும்பி, அம்மாவுக்கு போன் செய்தார். மறுமுனையில் மொத்தக் குடும்பமும் கூடியிருக்கும் சத்தம், பாட்டு, சிரிப்பு. நன்றாக இருக்கிறேன், இப்போதுதான் நண்பர் வீட்டிலிருந்து வந்தேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தவர், உடைந்து அழுதார். ஒரு வோட்கா பாட்டிலை எடுத்துத் தனியாக உட்கார்ந்து குடித்து, சோபாவிலேயே நினைவில்லாமல் விழுந்தார். இதையும் அவரேதான் எழுதியிருக்கிறார். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஒரு சம்பவத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பத்தொன்பது வயதில் ஒரு ஃபவேலாப் பையனை மொழி தெரியாத, பனி விழும் ஊருக்குக் கொண்டுபோய், பெரிய ஃபிளாட்டும் பெரிய சம்பளமும் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அன்றைய கிளப்புகளின் நினைப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ள டாக்டர், பிசியோ, சமையல்காரர் எல்லாரும் இருந்தார்கள். மாலை ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்து வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இன்டரில் அப்போது இடம் கிடைக்கவில்லை. ஃபியோரென்டினா கிளப்புக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆடப் போனார். பிறகு பார்மாவுக்குப் போனார். பார்மாவில் செசாரே பிரண்டெல்லியின் பயிற்சியில், அட்ரியான் முட்டுவோடு ஜோடி சேர்ந்து 2002-03 லீக்கில் 15 கோல். 2004 ஜனவரியில் இன்டர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு ஜூலை 25, லிமா. தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டம். ரொனால்டோ, ரொனால்டினோ, காகா என்று பெரிய பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு வந்திருந்த பிரேசில், அர்ஜென்டினாவிடம் 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. தொண்ணூறு நிமிடம் முடிந்து காயநேரம் ஓடுகிறது. அர்ஜென்டினா வீரர்கள் கொண்டாடத் தயாராகிவிட்டார்கள். பெனால்டி பெட்டிக்குள் கூட்டத்துக்கு நடுவில் பந்து எகிறுகிறது. கோலுக்கு முதுகு காட்டி நின்ற அட்ரியானோ அதைத் தூக்கி, திரும்பி, தரையில் படுவதற்கு முன்பே இடது காலால் விளாசினார். 2-2. பெனால்டியில் பிரேசில் வென்றது. ஏழு கோலோடு போட்டியின் அதிகக் கோல் அடித்தவரும் அவர், சிறந்த வீரரும் அவர்.

பத்து நாள்கூட முழுதாகக் கழியவில்லை. மாரடைப்பில் அல்மிர் இறந்துவிட்டார் என்று இத்தாலியில் இருந்த அட்ரியானோவுக்கு போன் வந்தது. இன்டர் கேப்டன் ஹவியர் ஸனேட்டி அப்போது பக்கத்தில் இருந்தார். அட்ரியானோ போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போட்ட அலறலைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல் கிளப் தலைவர் மாசிமோ மொராட்டியும் தானும் அவரைத் தம்பியைப் போலப் பார்த்துக்கொள்ள முடிவெடுத்ததாகவும், இவான் கோர்டோபா இரவெல்லாம் அவரோடு பேசிப் பார்த்ததாகவும், கடைசியில் அந்த மனச்சோர்விலிருந்து அவரை மீட்க முடியாமல் போனதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தோல்வி என்றும் ஸனேட்டி சொல்கிறார். எத்தனையோ கோப்பைகளைத் தூக்கிய ஒருவர் இதைத் தோல்விக் கணக்கில் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் அடுத்து வந்த சீசனைப் பாருங்கள். 2004-05 லீக்கில் 16 கோல். அக்டோபரில் உடினேசேவுக்கு எதிராகத் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, வழியில் வந்தவர்களை எல்லாம் கடந்து போய் அடித்த கோலை இன்றைக்கும் இணையத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில், நடப்புச் சாம்பியனான போர்ட்டோவுக்கு எதிராக ஹாட்ரிக். ஜூன் மாதம் ஜெர்மனியில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஐந்து கோல், அதில் இரண்டு அர்ஜென்டினாவை 4-1 என்று வீழ்த்திய இறுதி ஆட்டத்தில். அங்கேயும் சிறந்த வீரர் அவர்தான். கோல் அடித்ததும் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்துவார், அப்பாவுக்காக.

துக்கத்தில் இருப்பவன் உடனே உட்கார்ந்துவிடுவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பலருக்கு அப்படி நடப்பதில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் நினைக்க வேண்டியதில்லை. அட்ரியானோவின் விஷயத்தில் கோல்கள்தான் எல்லாரையும் ஏமாற்றின. கோல் வரும்வரை ஆள் நன்றாக இருக்கிறான் என்றுதான் கிளப் நினைக்கும். அவர் அன்று தொடர்ந்து ஆடியதாலேயே, உட்கார வைத்துக் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இறக்கம் படிப்படியாகத்தான் வந்தது. லீக் கோல்கள் 2005-06-இல் 13, அடுத்த சீசனில் வெறும் 5. 2006 உலகக் கோப்பையில் ரொனால்டோ, ரொனால்டினோ, காகா, அட்ரியானோ என்ற நால்வர் அணி உலகத்தையே புரட்டிப்போடும் என்றார்கள். அவர் இரண்டு கோல் அடித்தார். ஆனால் பிரான்சுக்கு எதிரான காலிறுதியில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார், பிரேசில் வெளியேறியது. உடம்பு கனத்திருந்தது. இரவுகள் நீண்டன. குடித்தால்தான் தூக்கம் வந்தது, கையில் கிடைத்ததை எல்லாம் குடித்தேன் என்று பின்னாளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். காலையில் போதை தெளியாமல் பயிற்சிக்குப் போவார். கிளப் அவரை மருத்துவ அறையில் படுக்க வைக்கும். வெளியே பத்திரிகைகளுக்குத் 'தசைப்பிடிப்பு' என்று அறிக்கை போகும். இதுவும் அவர் சொன்னதுதான்.

அந்தப் பொய்யில் கெட்ட எண்ணம் இல்லை. அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் தசைப்பிடிப்பு என்று சொல்லிவிட்டால் தசைக்குத்தான் வைத்தியம் நடக்கும். 2007 நவம்பரில் இன்டர் அவரை விடுப்பில் சாவோ பாலோ கிளப்பின் உடல்மீட்பு மையத்துக்கு அனுப்பியது. பிறகு ஆறு மாதம் அங்கேயே கடனாக ஆட விட்டது. எடை குறைந்தது, கோல்கள் வந்தன, திரும்ப மிலானுக்கு அழைத்தார்கள். உடம்பு தேறினால் ஆள் தேறிவிட்டதாகக் கணக்கு.

வெளியே நிலைமை இன்னும் மோசம். இத்தாலியில் வானொலி நேயர்கள் வாக்களித்து ஆண்டின் மோசமான வீரருக்குக் கொடுத்த 'தங்கக் குப்பைத்தொட்டி' என்று ஒரு கேலி விருது அப்போது இருந்தது. 2006-இல் அட்ரியானோவுக்கு. 2007-இலும் அவருக்கே. 2010-இல் மூன்றாவது முறை. அப்பாவை இழந்து, மனச்சோர்வில் முங்கி, குடிக்கு அடிமையாகிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒரு நாடு சிரித்துக்கொண்டே இந்தப் பட்டத்தை மூன்று முறை கொடுத்திருக்கிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்பது அன்று நேயர்களுக்கு முழுதாகத் தெரியாது, சரி. அப்பா இறந்தது எல்லாருக்கும் தெரியும்தானே.

இப்போது 2009-க்கு வருவோம். மொரின்யோ பயிற்சியாளராக இருந்த இன்டரில் அவர் அந்த சீசனில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். பிப்ரவரியில் மிலான் நகரத்தின் இரண்டு கிளப்புகள் மோதும் டெர்பியில் கோல்கூட அடித்தார். ஆறு வாரம் கழித்துத்தான் விமானம் ஏறாமல் நின்றது. அதே ஆண்டில் கால்பந்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆகஸ்டில் எஸ்பான்யோல் கேப்டன் டானி ஹார்கே மாரடைப்பில் இறந்தார். அவருடைய நண்பர் ஆந்த்ரேஸ் இனியஸ்டா, ஏற்கெனவே காயத்தால் சோர்ந்திருந்தவர், மனச்சோர்வுக்குள் விழுந்தார். நவம்பரில் ஜெர்மன் கோல்கீப்பர் ராபர்ட் என்கே தற்கொலை செய்துகொண்டார். பல வருடம் மனச்சோர்வை வெளியில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று பேர், மூன்று முடிவுகள். இனியஸ்டா 12 வயதிலிருந்து ஒரே கிளப்பில் வளர்ந்தவர். தன்னால் முடியவில்லை என்று சொன்னார். பார்சிலோனா உளவியல் உதவிக்கு ஏற்பாடு செய்தது. பயிற்சியின் நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் போகலாம் என்று பயிற்சியாளர் குவார்டியோலா விட்டுவிட்டார். அடுத்த கோடையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்து, சட்டையைக் கழற்றி உள்சட்டையில் எழுதியிருந்த ஹார்கேவின் பெயரைக் காட்டினார். என்கே நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அட்ரியானோ நடுவில் நிற்கிறார். சொன்னார், ஆனால் விட்டுப்போவதன் மூலம்தான் சொல்ல முடிந்தது. கோடி கோடியாய்ச் சம்பளத்தை உதறிவிட்டுப் போகிறவனை உலகம் பைத்தியக்காரன் என்றது. எனக்கு என்னவோ, அந்த வருடங்களில் அவர் எடுத்த முடிவுகளில் மிகத் தெளிவானது அதுதான் என்று தோன்றுகிறது.

ஊருக்கு வந்து என்ன ஆனது? மே மாதம் ஃபிளமெங்கோவில் சேர்ந்தார். அந்த சீசனில் 19 கோல் அடித்து, டியேகோ டார்டெல்லியோடு சேர்ந்து லீக்கில் முதலிடம். டிசம்பர் 6 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் கிரேமியோவை 2-1 என்று வென்று ஃபிளமெங்கோ சாம்பியன். 1992-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் தேசியப் பட்டம். அம்மா, பாட்டி, பால்ய நண்பர்கள் எல்லாரும் பக்கத்தில். ஆட்டம் முடிந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு பேட்டைக்குப் போய் உட்காரலாம்.

இதை வைத்து ஊர் திரும்பியதும் குணமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். குடி போகவில்லை. பயிற்சிக்கு வராத நாட்கள் இருந்தன. எல்லா நட்பும் நல்லதைச் செய்யவில்லை. 2014-இல் போதைப்பொருள் கும்பலுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததாக அவர்மீது குற்றச்சாட்டுகூட வந்தது, ஆதாரம் இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். மனச்சோர்வும் குடியும் ஒன்றையொன்று வளர்க்கிற நோய்கள். ஊர்க்காற்று மட்டும் அவற்றுக்கு மருந்தாகாது. ஆனால் எங்கே இருந்தால் அவரால் ஆட முடியும் என்பதற்கு 2009 ஒரு சாட்சி. அதற்குப் பிறகு 2010-இல் ரோமா அழைத்தபோது திரும்ப இத்தாலிக்கே போனதுதான் பெரிய தவறு. பிரேசில் பயிற்சியாளர் துங்காவின் உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்காத ஏமாற்றத்தோடு போனார். ஒரு கோல்கூட அடிக்காமல் 2011 மார்ச்சில் ஒப்பந்தம் முறிந்தது. மூன்றாவது குப்பைத்தொட்டி அந்த நாட்களில் கிடைத்ததுதான்.

பிரேசிலின் கொரிந்தியான்ஸ் கிளப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே, ஏப்ரலில், குதிகால் தசைநாண் அறுந்தது. வேகமாகத் திரும்பி அடிக்கும் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இதைவிடக் கெட்ட காயம் இல்லை. அவருடைய வீழ்ச்சியைப் பேசுகிறவர்கள் எல்லாரும் குடியைப் பற்றியே பேசுகிறார்கள், இந்தக் காயத்தை மறந்துவிடுகிறார்கள். அதோடு உடம்பு முடிந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அப்படியும் நவம்பரில், அட்லெட்டிகோ மினெய்ரோவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், எடை கூடிய உடம்போடு இடது பக்கம் ஓடிப்போய் ஒரு கோல் அடித்தார். 2-1. அந்த ஆண்டு கொரிந்தியான்ஸ் வெறும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனது. டிரா ஆகவேண்டிய ஆட்டத்தை வெற்றியாக்கிய அந்தக் கோலின் விலையும் இரண்டு புள்ளிதான்.

அதன் பிறகு 2014-இல் அட்லெட்டிகோ பரனென்சேயிலும், 2016-இல் அமெரிக்காவில் மியாமி யுனைட்டெட்டிலும் எட்டிப் பார்த்ததைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. பிரேசிலுக்காக 48 ஆட்டத்தில் 27 கோல் என்பதோடு சர்வதேசக் கணக்கு நின்றது. 2024 டிசம்பரில் மரக்கானாவில் ஃபிளமெங்கோவின் பழைய வீரர்களும் இத்தாலி நண்பர்களும் சேர்ந்து அவருக்கு ஒரு வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். கால்பந்தின் மிகப் பெரிய விரயம் நான்தான் என்று அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரே எழுதியிருந்தார். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. நமக்குக் கிடைக்காமல் போன கோல்களைத்தான் நாம் விரயம் என்கிறோம். அந்தக் கோல்களுக்காக அவர் மிலானிலேயே இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்கேயின் முடிவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கால்பந்து இதில் மெதுவாகத்தான் மாறியது. வீரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்ன நடப்பு வீரர்களில் 38 சதவீதம் பேர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். பிரேசிலின் அதே 9-ஆம் எண்ணை 2022 உலகக் கோப்பையில் அணிந்த ரிச்சார்லிசன், அந்தப் போட்டிக்குப் பிறகு தான் மனச்சோர்வில் விழுந்ததையும் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்ததையும் 2024 மார்ச்சில் வெளிப்படையாகப் பேசினார். முன்பு உளவியலாளரிடம் போவதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன், அவர்தான் என் உயிரைக் காப்பாற்றினார், மற்ற வீரர்களும் போக வேண்டும் என்றார். அதைச் சொன்னபோது அவருக்கு வயது 26. டாட்டன்ஹாம் அணிக்காகத் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.